எங்கள் வீட்டில் தூக்கத்துக்கு எந்த இடம்?



பதிவு கொஞ்சம் நீளம். இஷா தொழுதுவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணையில் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். காலை முதல் பாடத்திலேயே பிள்ளைகள் மேசையில் தலையைச் சாய்ப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்த பிறகு கொடுத்த வேலை அது. "இரவில் நீங்கள் படுக்கிற இடத்தைக் கீறிக் கொண்டு வாங்க" என்றோம். வேறு எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் வந்த படங்களைப் பார்த்து நாங்கள் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெரும்பாலான படங்களில் கட்டிலைவிட அலுமாரி பெரிது. அலுமாரிக்கு மேலே சூட்கேஸ், சூட்கேஸுக்கு மேலே கம்பளி. கட்டிலுக்குக் கீழே பெட்டிகள். மூலையில் அரிசி மூடை, தையல் மெஷின், பழைய பேன். குறுக்கே கட்டிய கயிற்றில் உடுப்பு. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு சின்ன மனித உருவம்.

ஒரு பிள்ளையின் படம் மட்டும் வேறு மாதிரி. தாளின் ஒரு பக்கத்தில் ஓர் அறை. அதற்குள் பொலித்தீன் கழற்றாத மெத்தையோடு பெரிய கட்டில், புது அலுமாரி, கண்ணாடி மேசை. கதவில் பூட்டு. மறு பக்கத்தில் மண்டபம். அங்கே தரையில் வரிசையாக ஐந்து பேர்.

"அறைக்குள்ள ஏன் ஒருத்தரும் இல்ல?" என்று கேட்டோம்.

"அது ராத்தாட கலியாணத்துக்கு, டீச்சர்."

அந்தப் பதில்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. அது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல என்று நம் எல்லோருக்கும் தெரியும். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஓர் அறை இருக்கும். படுக்கையறை என்று பெயர், ஆனால் யாரும் படுப்பதில்லை. அல்லது படுக்கிறார்கள், ஆனால் தூங்க முடிவதில்லை.

இது எப்படி வந்தது? நம் வீடுகளில் தூக்கத்துக்கு இடம் இல்லாமல் போனது எப்போது? கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்ப்போம்.

*

நம் மூத்தோர் காலத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். களிமண் சுவர், கிடுகுக் கூரை, சாணம் மெழுகிய தரை. கொஞ்சம் வசதியான வீடு என்றால் ஓடு. முன்னுக்குத் திண்ணை, உள்ளுக்கு மண்டபம், பின்னுக்குக் குசினி. மண்டபத்தோடு சேர்ந்து ஓர் அறை.

அந்த அறை எதற்கு இருந்தது என்பதுதான் முக்கியமான கேள்வி. அது படுப்பதற்கான அறை அல்ல. வைப்பதற்கான அறை. வயல் வெட்டி வந்த நெல் மூடை அங்கேதான். பெட்டகம் அங்கேதான். உறுதிக் காகிதம், நகை, நல்ல உடுப்பு, கந்தூரிக்கு எடுக்கும் பெரிய சட்டி பானை எல்லாம் அங்கேதான். ஜன்னல் சின்னது, அல்லது இல்லவே இல்லை. கள்ளன் வரக்கூடாது, நெல்லில் ஈரம் படக்கூடாது. அந்த நோக்கத்தோடு கட்டப்பட்ட அறைக்கு இருட்டும் அடைப்பும் குறை அல்ல, தேவை.

சுகமில்லாதவர், பிள்ளை பெற்ற தாய், புதுமணத் தம்பதி என்று சிலர் சில காலம் அறைக்குள் படுத்தார்கள். மற்றவர்களின் தூக்கம் வெளியே நடந்தது. ஆண்கள் திண்ணையில், முற்றத்தில். பெண்களும் பிள்ளைகளும் மண்டபத்தில். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பகல் முழுக்க நெருப்பு மாதிரி இருக்கும். இரவில் முற்றத்து மணல் ஆறிவிடும். அந்த மணலில் பாயைப் போட்டால் பேன் தேவையில்லை.

பாய் என்றால் பன்பாய். குளத்தோரத்திலும் சதுப்பிலும் வளர்கிற பன்னை வெட்டி, காயவைத்து, சிவப்பும் பச்சையும் ஊதாவும் சாயம் போட்டு நம் பெண்கள் இழைத்த பாய். அதன் பெரிய குணம் அழகு அல்ல. காலையில் அது காணாமல் போய்விடும். சுபஹ் தொழுததும் பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிடுவார்கள். தலையணை பாய்க்குள். பிறகு அதே மண்டபத்தில் பிள்ளைகள் ஓதுவார்கள், விருந்தாளி இருப்பார், பெண்கள் பாய் இழைப்பார்கள். இரவானதும் மண்டபம் மறுபடி வெறுமையாகிவிடும். கூட்டிப் பெருக்கி, உதறி விரித்தால் படுக்கை தயார்.

வறுமையால்தான் அப்படி இருந்தது என்று சொல்வோர் உண்டு. பாதி உண்மை. ஆனால் இதே முறையை வசதியான ஜப்பான்காரரும் வைத்திருந்தார்கள், இன்றும் பல வீடுகளில் வைத்திருக்கிறார்கள். இரவில் தரையில் மெத்தையை விரிப்பார்கள். காலையில் மடித்துச் சுவரலுமாரிக்குள் வைப்பார்கள். பகலில் அந்த அறையில் ஒன்றுமே இருக்காது. அமைதியான அறை என்று உலகம் இன்று படம் எடுத்துக் காட்டுவது அதைத்தான். நம் உம்மம்மா பாயைச் சுருட்டிச் சுவரில் சாத்தியதும் அதே அறிவுதான்.

*

நமக்கு இதைவிடப் பெரிய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. றஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் விரிப்பு பதனிட்ட தோலால் ஆனது, அதற்குள் ஈச்ச நார் அடைத்திருந்தது என்று ஆயிஷா நாயகி அவர்கள் அறிவித்தது புஹாரியில் இருக்கிறது. ஒருநாள் உமர் றழியல்லாஹு அன்ஹு அவர்கள் உள்ளே போனபோது நபியவர்களின் விலாவில் பாயின் தடம் பதிந்திருந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். கொஞ்சம் வாற்கோதுமை, சில தோல்கள், அவ்வளவுதான். உமர் அழுதார்கள். இந்தச் சம்பவத்தை ஜும்ஆ பிரசங்கங்களில் நாம் பல தடவை கேட்டிருக்கிறோம். கேட்டு நாமும் கண் கலங்கியிருக்கிறோம். வீட்டுக்கு வந்து நம் அறையைச் சுற்றிப் பார்த்தோமா என்பதுதான் கேள்வி.

முஸ்லிமில் ஜாபிர் அவர்கள் அறிவிக்கும் இன்னொரு செய்தி நேரடியாகப் படுக்கையைப் பற்றியது. ஆணுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று. நான்காவதாக ஒன்று இருந்தால் அது ஷைத்தானுடையது என்பது அதன் கருத்து. தேவைக்கு மேல் பெருமைக்காகச் சேர்ப்பதைத்தான் அது குறிக்கிறது என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். பொலித்தீன் கழற்றாத மெத்தையை நினைத்தால் மனசுக்குள் ஏதோ செய்கிறது.

படுக்கப் போகுமுன் விரிப்பைத் தட்டிவிடுவது, விளக்கை அணைப்பது, இஷாவுக்குப் பிறகு வீண் பேச்சைத் தவிர்ப்பது, பத்து வயதானால் பிள்ளைகளின் படுக்கையைப் பிரிப்பது. இவையெல்லாம் நமக்குச் சொல்லித் தரப்பட்டவை. கூட்டிப் பார்த்தால் சுத்தம், இருட்டு, அமைதி, ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் என்று வருகிறது. தூக்கத்துக்கு இதைவிட நல்ல பட்டியல் வேறு இல்லை.

*

சரி, பாய் எப்படிக் கட்டிலானது? மண்டபத்துத் தூக்கம் எப்படி அறைக்குள் போனது?

முதல் காரணம் நுளம்பு. மலேரியா நுளம்பால் பரவுகிறது என்று ரொனால்ட் றொஸ் இந்தியாவில் கண்டுபிடித்தது 1897இல். இலங்கையில் 1934, 35இல் வந்த மலேரியா பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. நாம் இருக்கும் வரண்ட பிரதேசத்துக்குக் காய்ச்சல் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி. அதனால் நுளம்பு வலை வந்தது. வலைக்கு நாலு மூலையில் நாலு கம்பு தேவை. முற்றத்தில் அது சரிவராது, கட்டிலில் சரிவரும். டி.டி.ரி. அடித்து 1963இல் நாடு முழுவதும் 17 பேர் என்ற அளவுக்கு மலேரியாவைக் குறைத்தார்கள். ஓய்ந்தோம் என்று நினைத்தபோது 1960களின் கடைசியில் திரும்பி வந்தது. கடைசியில் 2016 செப்டெம்பரில்தான் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வலை நம்மைக் காப்பாற்றியது. கூடவே முற்றத்தை விட்டு உள்ளுக்கும் கொண்டுவந்தது.

இரண்டாவது காரணம் கலியாணம். இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

கட்டில் சொத்தாக இருப்பது நம் ஊரில் மட்டும் நடந்தது அல்ல. ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் வீட்டிலேயே விலை கூடிய பொருள்களில் ஒன்று கட்டில்தான். 1616இல் காலமான ஷேக்ஸ்பியர் தன் மனைவிக்கு வீட்டிலுள்ள இரண்டாவது நல்ல கட்டிலை உயில் எழுதி வைத்தார். தனி அறை, தனிக் கட்டில் என்பது அங்கேயும் பிந்தி வந்த வழக்கம். அதற்கு முன் பெரிய வீடுகளில்கூட வேலைக்காரரும் விருந்தினரும் ஒரே கூடத்தில் படுத்தார்கள்.

நம் கரையோரத்தில் கட்டில் வீட்டோடு சேர்ந்து வருகிறது. வீடு பெண்ணோடு சேர்ந்து போகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும், வீடு மகளின் பெயருக்கு எழுதப்படுவதும் இங்கே முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் பொதுவான வழக்கம். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட நூலில் இந்தக் குடி முறையையும் சீதன வீட்டையும் விரிவாக எழுதியிருக்கிறார். பெண்ணுக்குச் சொந்த வீடு இருப்பது ஒரு பெரிய பாதுகாப்பு. புகுந்த வீட்டில் அவள் அடிமை இல்லை. உம்மாவும் சாச்சியும் கூப்பிடு தூரத்தில். இதில் பெருமைப்பட நமக்கு உரிமை உண்டு.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மூத்த மகள் கலியாணம் முடித்தால் பெரிய அறை அவளுக்கும் மாப்பிள்ளைக்கும். வாப்பாவும் உம்மாவும் மற்ற அறைக்கு. இரண்டாவது மகளுக்கு முடிந்தால் அந்த அறையும் போய்விடும். வசதியுள்ளவர் பக்கத்து வளவில் இன்னொரு வீட்டைக் கட்டுவார். வசதியில்லாதவர் மண்டபத்துக்கு வருவார், பிறகு விறாந்தைக்கு, பிறகு குசினிப் பக்கத்துச் சாய்ப்புக்கு. கட்டி முடித்த வீட்டில் கட்டியவருக்கே கடைசியில் படுக்க இடமில்லை.

முந்தி இது அவ்வளவு வலிக்கவில்லை. எல்லோரும் பாயில் படுத்த காலத்தில் விறாந்தையும் நல்ல இடம்தான், சொல்லப்போனால் காற்றோட்டத்தில் அதுதான் முதல் இடம். கட்டில், மெத்தை, அலுமாரி, கண்ணாடி மேசை எல்லாம் ஒரு தொகுதியாகச் சீதனத்தில் சேர்ந்த பிறகுதான் நிலைமை மாறியது. இந்தத் தொகுதி இல்லாமல் கலியாணம் பேச முடியாது என்று ஆனது. அதை வைக்க ஓர் அறை வேண்டும். அந்த அறை எது? ஏற்கெனவே நெல்லும் பெட்டகமும் இருந்த அறை.

நாம் படுக்கையறை ஒன்றைப் புதிதாக உருவாக்கவில்லை. சாமான் அறைக்குள் கட்டிலைக் கொண்டுபோய் வைத்தோம். சாமான் வெளியே போகவே இல்லை. நெல் மூடை போன இடத்துக்கு அரிசி மூடை வந்தது. பெட்டகம் போன இடத்துக்கு அலுமாரி வந்தது. அறையின் வேலை மாறவில்லை. இன்றைக்கும் அது பொருளைக் காக்கிற அறைதான். அதற்குள் நாம் விருந்தாளி மாதிரிப் படுக்கிறோம்.

*

1977க்குப் பிறகு நாடு திறந்துவிடப்பட்டது. வளைகுடாவில் வேலை கிடைத்தது. நம் ஊர்களிலிருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் ஆண்கள் போனார்கள், பெண்களும் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் கல்வீடு எழும்பியது, ராத்தாமார் கரை சேர்ந்தார்கள். அதை ஒரு நாளும் குறைவாகப் பேசக்கூடாது.

திரும்பி வந்தபோது அவர்கள் கொண்டுவந்தவற்றில் மறக்க முடியாத ஒன்று, சிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் மடித்த பெரிய பூப்போட்ட கம்பளி. பாலைவனத்துக் குளிருக்குச் செய்தது. கல்முனையில் அதைப் போர்த்திப் படுக்கிற குளிர் எத்தனை நாள் வரும்? மார்கழி மழையில் ஒரு கிழமை. மற்ற நாளெல்லாம் அது அலுமாரிக்கு மேலே. ஆனாலும் யாரும் அதைக் கொடுக்க மாட்டார்கள். அது கம்பளி இல்லை. உம்மா இல்லாமல் கழிந்த ஆறு வருசத்துக்குக் கிடைத்த சாட்சி.

இதையும் நாம் மறந்துவிடக்கூடாது. நம் அறைகளில் இருக்கிற அடைசல் எல்லாம் சோம்பலால் வந்தது அல்ல. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பயணம் இருக்கிறது.

இந்தக் காலத்திலேயே பயமும் வீட்டுக்குள் வந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளி கிழக்குக் கரையின் கூரைகளைப் பிய்த்து எறிந்தது. அந்த இரவைக் கண்டவர்கள் இன்றும் காற்று இரைந்தால் எழும்பி உட்காருவார்கள். பிறகு யுத்தம். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷா நேரத்தில் நடந்தது நமக்கெல்லாம் தெரியும். ஒன்பது நாளில் ஏறாவூர். அதன் பிறகு நம் ஊர்களில் முற்றத்தில் யார் படுத்தார்? ஆண்கள் இரவுக் காவலுக்குப் போனார்கள். பெண்களும் பிள்ளைகளும் ஊருக்கு நடுவிலுள்ள கல்வீடுகளில் ஒன்றாகச் சுருண்டார்கள். விளக்கை அணைத்து, ஜன்னலை இறுக்கி மூடி, பிள்ளை அழுதால் வாயைப் பொத்தி. பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் அதே கதைதான். அவர்களும் தங்கள் இரவுகளை இப்படித்தான் கழித்தார்கள்.

யுத்தம் 2009இல் முடிந்தது. மூடிய ஜன்னல் பல வீடுகளில் இன்னும் திறக்கவில்லை. திறக்க முடியாதபடி அதற்கு முன்னால் அலுமாரியை வைத்துவிட்டோம்.

*

2004 டிசம்பர் 26. அதைப் பற்றி நம் ஊருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. நாட்டிலேயே அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையை ஒட்டிய வரிசை வரிசையான வீடுகள் சில நிமிடங்களில் வெறும் அத்திவாரமாகின.

சீதனக் கட்டிலும் போனது. அலுமாரியும் கம்பளியும் போனது. அதில் படுத்தவர்களும் போனார்கள்.

பிறகு பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் கூடாரங்களிலும் மறுபடி பாய். கடற்கரையில் கட்டக்கூடாது என்று முதலில் வடக்கு கிழக்குக்கு 200 மீற்றர் எல்லை போட்டார்கள். பிறகு அது குறைந்து, நம் பக்கத்தில் 65 மீற்றர் என்று நின்றது. அந்த எண் மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராகவே ஆகிவிட்டது. முழுதாக உடைந்த வீட்டைத் தானே கட்டுகிறவருக்கு அரசாங்கம் 250,000 ரூபா கொடுத்தது. கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு அளவு 500 சதுர அடி. பெரிய குடும்பங்களுக்கு அது போதவில்லை. மகளுக்குக் கலியாணம் வந்தபோது அந்த 500 சதுர அடியையும் பிரிக்க வேண்டி வந்தது.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரசின் உதவியில் 500 வீடுகள் எழும்பின. வழக்கும் இழுபறியுமாக அவை ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் காடு பிடித்துக் கிடந்ததை நாம் எல்லோரும் வீதியால் போகும்போது பார்த்திருக்கிறோம். அடைசல் ஒன்றுமில்லாத, சத்தம் ஒன்றுமில்லாத அறைகள். அந்த வெறுமையை அமைதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஓர் அறை அமைதியாவது அதற்குள் ஒருவர் பயமில்லாமல் கண்ணை மூடும்போதுதான்.

சுனாமிக்குப் பிறகு நம்மிடம் ஒரு பழக்கம் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். எதையும் எறிய மனம் வராது. நிவாரணத்தில் கிடைத்த வாளி, பாத்திரம், போர்வை, ஒரு பக்கம் உடைந்த பிளாஸ்டிக் கதிரை. ஒரே காலையில் எல்லாவற்றையும் இழந்தவர் பிறகு ஒன்றையும் இழக்க விரும்புவதில்லை. அதை நோய் என்று சொல்லிச் சிரிக்க நாங்கள் தயாரில்லை. ஆனால் அந்தப் பயத்தைப் பிள்ளைகளின் தலைமாட்டில் அடுக்கி வைக்கவும் கூடாது. அவர்களில் பலர் 2004க்குப் பிறகு பிறந்தவர்கள்.

*

இப்போது உடம்பின் பக்கம் கொஞ்சம்.

இரவானதும் உடம்பின் உள்சூடு ஏறக்குறைய ஒரு பாகை குறைய வேண்டும். அப்போதுதான் ஆழ்ந்த தூக்கம் வரும். பகலெல்லாம் வெயில் குடித்த கொங்கிறீற் தட்டு இரவில்தான் அந்தச் சூட்டைக் கக்கும். கிடுகுக் கூரை அப்படிச் செய்வதில்லை. ஜன்னலும் மூடி, சுவரோரமெல்லாம் சாமானும் இருந்தால் பேன் அதே சூட்டுக் காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும்.

இருட்டினால் மூளையிலிருந்து மெலடோனின் என்ற சுரப்பு வரும். 1958இல் ஆரன் லேர்னர் என்ற அமெரிக்க மருத்துவர் அதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார். உடம்புக்கு இரவாகிவிட்டது என்று செய்தி சொல்வது அதுதான். கண்ணில் வெளிச்சம் பட்டால் அது குறையும். முகத்துக்கு நேரே பிடித்த போன் வெளிச்சமும் வெளிச்சம்தான். விளக்கை அணைத்துப் படுக்கச் சொன்ன சுன்னத்தைக் கடைப்பிடிக்கிறோம் என்று நினைத்து, சுவிச்சை அணைத்துவிட்டுக் கையில் இன்னொரு விளக்கை ஏந்திக்கொண்டு படுக்கிறோம்.

கட்டிலுக்குக் கீழே பெட்டி இருந்தால் அங்கே விளக்குமாறு போகாது. தூசி தங்கும், தூசியில் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் பெருகும். இரவில் இழுப்பு வருகிற பிள்ளை உள்ள வீட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். இருட்டான மூலையும் தொங்குகிற உடுப்பும் நுளம்பு ஒளிந்திருக்க வசதி. மலேரியா போனாலும் டெங்கு இருக்கிறது.

தூங்காத பிள்ளைக்கு நாங்கள் காலை எட்டு மணிக்கு என்ன படிப்பித்தாலும் ஏறாது. சாதாரண தரப் பரீட்சைக்கு மாலை வகுப்பு, இரவு வகுப்பு, விசேட வகுப்பு என்று காசு கொட்டுகிறோம். அந்தப் பிள்ளை எந்த இடத்தில் படுக்கிறது என்று ஒரு முறை எட்டிப் பார்ப்பதில்லை.

*

அப்படியானால் என்ன செய்வது? வீட்டை இடிக்கத் தேவையில்லை, புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையுமில்லை.

சாமானுக்கு வேறு இடம் கொடுங்கள். அரிசி மூடையும் தையல் மெஷினும் குசினிப் பக்கமோ சாய்ப்புக்கோ போகட்டும். நல்ல காற்று வருகிற இடத்தை மனிதருக்குக் கொடுங்கள். ஜன்னலுக்கு முன்னால் நிற்கிற அலுமாரியை ஒரு வெள்ளிக்கிழமை நாலு பேர் பிடித்து மற்றச் சுவருக்கு நகர்த்துங்கள். ஜன்னலுக்கு நுளம்பு வலை அடியுங்கள், பிறகு திறவுங்கள்.

கம்பளிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுங்கள். வெள்ளம் வருகிற காலத்தில் தேவைப்படுகிறவர் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார். நினைவுக்கான பொருளை எறிய வேண்டாம். ஒரு பெட்டி வையுங்கள், ஒரே ஒரு பெட்டி. அதில் என்ன இருக்கிறது, யாருடையது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பத்துப் பெட்டியில் பூட்டி வைத்தால் நினைவு இருக்காது, தூசிதான் இருக்கும்.

போன்கள் எல்லாம் இரவில் மண்டபத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். வாப்பாவின் போனும்தான். இல்லாவிட்டால் பிள்ளை கேட்காது.

விரிப்பு வாங்குவதென்றால் மருதமுனைத் தறியில் நெய்ததை வாங்குங்கள். வெயில் காலத்துக்கு அந்தப் பருத்தித் துணியும் ஒரு பன்பாயும் போதும். நம் ஊரின் சூட்டை அறிந்தவர்கள் செய்தவை அவை.

இவையெல்லாம் சின்ன வேலைகள். இனிச் சொல்வது பெரியது.

மாப்பிள்ளை வீட்டார்களே, கைக்கூலியைப் பற்றி எத்தனையோ பேர் பேசிவிட்டார்கள். கட்டில் தொகுதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அது சாதாரணமாகிவிட்டது. உங்கள் மகன் படுக்கப் போகிற கட்டிலுக்காக ஒரு வீட்டில் ஐந்து பேர் வருசக்கணக்கில் தரையில் கிடக்கிறார்கள். கட்டிலை உங்கள் மகனே வாங்கட்டும். முடியாவிட்டால் பாயில் படுக்கட்டும். றஸூலுல்லாஹ் படுத்த பாயைவிட அவனுக்குப் பெரிய கௌரவம் எதுவும் தேவையில்லை.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களே, கலியாணம் முடிகிற வரைக்குமாவது அந்த அறையைத் திறவுங்கள். பொலித்தீனைக் கழற்றுங்கள். அந்தக் கட்டிலில் மகள் இன்றைக்கே படுக்கட்டும். அவளுக்காகத்தானே வாங்கினீர்கள்?

மகள்மாரே, மருமகன்மாரே, ஒரு கேள்வி உங்களுக்கும். இன்றிரவு படுக்கப் போகுமுன் வீட்டைச் சுற்றி ஒரு தரம் நடந்து பாருங்கள். உம்மாவும் வாப்பாவும் எங்கே படுக்கிறார்கள்? காற்று வருகிறதா? இரவில் எழும்பி ஒழு செய்யப் போகிற வழியில் எதுவும் காலில் தட்டுப்படுமா? இந்த வீட்டின் ஒவ்வொரு கல்லையும் அடுக்கியவர்கள் அவர்கள். நல்ல அறை அவர்களுக்குத் திரும்பிப் போனால் சீதனம் குறைந்துவிடாது, பறக்கத்தான் கூடும்.

அந்தப் பிள்ளையின் படத்தை நாங்கள் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை, புள்ளியும் போடவில்லை. "வீட்டில காட்டு" என்று மட்டும் சொன்னோம். இரண்டு கிழமை கழித்துப் பாடம் முடிந்து போகிற வழியில் அவளே நின்று சொன்னாள்: "டீச்சர், வாப்பா பூட்டக் கழட்டிட்டாங்க. இப்ப நானும் ராத்தாவும் அதுலதான்."

"தூக்கம் வருதா?" என்று கேட்டோம்.

"பொலித்தீனையும் கழட்டின பொறகு வருது" என்றாள்.

யா அல்லாஹ், எங்கள் வீடுகளில் அச்சமற்ற இரவுகளைத் தருவாயாக. எங்கள் பிள்ளைகளுக்கும் எங்களைப் பெற்றோருக்கும் நிம்மதியான தூக்கத்தைத் தருவாயாக. அந்த டிசம்பர் காலையில் எழும்பி, அன்றிரவு படுக்கைக்குத் திரும்பாதவர்களின் கப்றுகளை விசாலமாக்குவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.